இருபத்திரண்டு நிமிடம்

அலுவலகத்தில் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி. என் முன்னால் யாரும் சொல்வதில்லை. தேநீர் மேசையில் கூடி நின்று சொல்கிறார்கள், எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை, அதில் நானூறு படகுகள் நானூறு புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருக்கும். எட்டு மணி நேரம் அதையே முறைத்துப் பாருங்கள், உங்கள் முகமும் இப்படித்தான் ஆகும்.

என் வேலை இதுதான். மீன்பிடிக்கப் போகும் ஒவ்வொரு படகிலும் ஒரு கண்காணிப்புக் கருவி மாட்டியிருக்கிறோம். படகு எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்று நிமிடத்துக்கு ஒரு தடவை அது செயற்கைக்கோள் வழியாக எங்களுக்குச் சொல்லும். கணினி அதையெல்லாம் கூட்டிக் கழித்து, எந்தப் படகு திருட்டுத்தனமாக மீன் பிடிக்கக்கூடும் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். நான் படித்த காலத்தில் எண்பது வாங்கினால் வீட்டில் கொண்டாடுவார்கள். இங்கே எண்பது வாங்கினால் படகைக் கட்டிப் போடுவார்கள்.

கரையிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு தீவு. அதைச் சுற்றி ஐந்து மைலுக்கு மூடிய கடல். மீன்கள் முட்டையிடும் இடம் என்பதால் அங்கே யாரும் தொழில் செய்யக் கூடாது. திரையில் அந்த வட்டம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஒரு படகு அந்த எல்லைக்கு வந்து, வேகத்தைக் குறைத்து, கருவியை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அதே பக்கத்தில் மறுபடி முளைத்தால் என்ன அர்த்தம்? உள்ளே போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். இதற்குக் கணினியே தேவையில்லை.

ஒரு திங்கட்கிழமை பிற்பகல், மாதப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. முதல் வரிசையில் சிவப்பு எழுத்தில் எண்பத்தாறு மதிப்பெண். எல்லையோரம் வேகக் குறைவு, கருவி அணைப்பு, ஒரே மாதத்தில் பதினெட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ இருபத்திரண்டு நிமிடம். பக்கத்தில் படகின் எண்.

அந்த எண்ணை எனக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. அது என் அக்காவின் படகு.

அக்கா என்னைவிடப் பத்து வயது பெரியவள். அப்பா போன பிறகு படகின் சுக்கானைப் பிடித்தவள் அவள்தான். நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு, விடியும் முன் கிளம்பி, பொழுது சாயக் கரைக்கு வருவாள். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, கரையோடு சரி. வாளியில் தண்ணீர் ஆடினாலே அவருக்குத் தலை சுற்றும். வீடும் சமையலும் அவர் கையில். நானும் அந்த வீட்டில்தான் இருக்கிறேன். என் மதிய டப்பாவைக் கட்டுவதும் மாமாதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வேலை மும்முரத்தில் வேளைக்குச் சாப்பிடாமல் இருந்து இருந்து, வயிற்றில் புண் வந்து அது உடைந்து, இதே மேசையில் ரத்தமாக வாந்தியெடுத்து விழுந்தேன். ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். பதினொரு நாளும் அக்கா கடலுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு வேலை நாட்களில் மதியம் ஒரு மணிக்குப் போன் வரும். கண்காணிப்பு அறைக்குள் போனுக்கு அனுமதி கிடையாது, வெளியே பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் ஒரு மணிக்கு நான் போனையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்தில் போய் உட்காருவேன்.

"டப்பாவத் தொற. மூடி சத்தம் கேக்கணும்" என்பாள் அக்கா.

"தொறந்துட்டேன். நான் என்ன சின்னப் புள்ளையா?"

"சின்னப் புள்ளைன்னா அடிச்சு ஊட்டிருவேன். நீ மெல்லு."

கடைசி வாய் உள்ளே போகும்வரை வைக்க மாட்டாள். எனக்கு எரிச்சலாக வரும். படியில் ஏறி இறங்குகிறவர்கள் வேறு சிரித்துக்கொண்டே போவார்கள். இருந்தாலும் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே போய் உட்கார்ந்துகொள்வேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படிப்பட்ட அக்காவின் படகுதான் பட்டியலில் முதலிடம். மூடிய கடலில் தொழில் செய்தது நிரூபணமானால் ஒரு வருடத்துக்கு உரிமம் ரத்து. படகு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், அக்காவோடு நான்கு குடும்பங்கள் கரையில் உட்காரும். உறவினர் படகு பட்டியலில் வந்தால் அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும் என்பது விதி. சம்பந்தப்பட்ட படகுக்காரரிடம் மூச்சு விடக் கூடாது என்பதும் விதி. இரண்டாவதை ஒழுங்காகக் காப்பாற்றினேன். முதலாவதைக் காப்பாற்றாமல், அந்த வரியை 'பிறகு பார்க்க' என்ற பகுதியில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மீன் இருந்தது. நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது எங்க புடிச்சது?" என்று கேட்டேன்.

"கடல்ல" என்றாள் அக்கா.

மாமா சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது. அக்கா அவர் தலையில் தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னடா, மூஞ்சிய உர்ருன்னு வெச்சிருக்க? ஆபீஸ்ல எவனாச்சும் ஏதாச்சும் சொன்னானா? சொல்லு, வந்து நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னு சொல்றப்ப மூக்கு விடைக்குது பாரு."

அவள் கையில் கயிறு அறுத்த தழும்புகள். அந்தக் கையாலேயே என் தட்டில் முள் நீக்கிய துண்டாகப் பார்த்து வைத்தாள். இவள் திருடுவாளா என்று ஒரு மனம் கேட்டது. பதினெட்டு தடவை என்று இன்னொரு மனம் சொன்னது. அந்தப் பதினெட்டும் வேலை நாட்கள். சனி, ஞாயிறில் ஒன்றுகூட இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது. திருடுகிறவன் எங்கள் அலுவலகத்தில் ஆள் குறைவாக இருக்கும் விடுமுறை நாளாகப் பார்த்துத்தானே திருடுவான்? வேலை நாளில், பட்டப்பகலில், இத்தனை பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்கிறாள் என்றால், தம்பி உள்ளே இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்ற தைரியமா? அந்த நினைப்பு வந்ததும் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் போன் வந்தது. டப்பாவைத் திறந்தேன், மூடி சத்தத்தைக் கேட்கவைத்தேன், வெறும் வாயை மென்றேன். அக்கா படகில் நடந்த கூத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உம், உம் என்றேன். மேசைக்குத் திரும்பிப் பார்த்தால் பதினெட்டு பத்தொன்பதாகியிருந்தது.

இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்று புதன்கிழமை எழுந்தேன். நேரடியாகவே பார்த்துவிடலாம். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள், நான் நாற்காலியை விட்டு எழவில்லை. போன் பெட்டகத்தில். டப்பா பையில். கண் திரையில்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு அக்காவின் புள்ளி தீவின் பக்கம் திரும்பியது. எட்டில் இருந்த வேகம் ஐந்தானது, இரண்டானது. ஆரஞ்சு எல்லைக்கு அரை மைல் வெளியே ஊர்ந்தது. "வேண்டாம்க்கா" என்று வாய்விட்டே சொன்னேன். ஒன்று மூன்றுக்குப் புள்ளி அணைந்தது.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவளுக்கு என்ன குறை? கேட்டால் நான் தர மாட்டேனா? பிறகு கோபம் போய் அழுகை முட்டியது. இருபத்திரண்டு நிமிடம் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்று இருபத்தைந்தாயிற்று, புள்ளி வரவில்லை. ஒன்று முப்பத்தைந்து, வரவில்லை. இன்றைக்கு அள்ளுகிறாள், நன்றாக அள்ளுகிறாள் என்று பல்லைக் கடித்தேன். ஒன்று நாற்பத்து மூன்றுக்குத் திரையின் மேலே சிவப்புப் பட்டை ஓடி மணி அடித்தது. நாற்பது நிமிடம் தாண்டி அணைந்திருந்தால் யாரையும் கேட்காமல் கணினியே அறிவிப்பு அனுப்பிவிடும். படகு உடனே துறைமுகத்துக்குத் திரும்பி விசாரணைக்கு நிற்க வேண்டும். ஒன்று நாற்பத்தேழுக்குப் புள்ளி முளைத்தது, முளைத்த வேகத்தில் கரையை நோக்கிப் பாய ஆரம்பித்தது.

கண்ணாடி அறைக்குள் இருந்து மேலதிகாரி எட்டிப் பார்த்தார். நாங்கள் அவரை மேடம் என்போம். நான் கையைக் காட்டிவிட்டு, முகம் கழுவ வெளியே வந்தேன். போகிற வழியில் பெட்டகத்தைத் திறந்தேன்.

பத்தொன்பது தவறிய அழைப்புகள். எல்லாம் அக்கா. முதலாவது ஒன்று நான்குக்கு. கடைசி ஒன்று நாற்பத்தாறுக்கு. ஒரு குரல் செய்தியும் இருந்தது.

"டேய், எடுடா. வயிறு வலிக்குதா? விழுந்துட்டியா? பக்கத்துல யாராச்சும் இருந்தா எடுங்களேன்ப்பா, நான் அவன் அக்கா பேசறேன். டேய் தம்பி, எடுடா..."

பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. நான் உடனே திருப்பி அடித்தேன், தொடர்பு கிடைக்கவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் ஒரு மாதத்து அழைப்புகளையெல்லாம் பட்டியலோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் தப்பவில்லை. கருவி அணைந்த நேரமெல்லாம் அக்கா என்னோடு பேசிய நேரம். மூன்றாம் வாரம் நான் காய்ச்சலில் நான்கு நாள் வீட்டில் கிடந்தேன், அந்த நான்கு நாளும் படகு அங்கே நிற்கவே இல்லை. ஒரு மாதம் என் கண் முன்னால் நடந்தது, ஒரு மணிக்கு நான் திரை முன்னால் இருந்ததில்லை என்பதால் எனக்குத் தெரியவில்லை.

போனையும் பட்டியலையும் மேடத்தின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"திங்கக்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"ரெண்டு நாளா மறைச்சிருக்கீங்க. இத நான் எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க மேடம். அக்கா தப்பு பண்ணல."

"அத நீங்க சொல்லக் கூடாது. போன் பேசினாங்கன்னு தான் இது சொல்லுது. பேசிக்கிட்டே தூண்டிலும் இழுக்கலாம். அதோட, போன் பேசறதுக்குக் கருவிய எதுக்கு அணைக்கணும்?"

நான் பட்டியலை மறுபடி எடுத்துப் புரட்டினேன்.

"விசாரணை முடியற வரைக்கும் அவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார் மேடம்.

"நான் உயிரோட இருக்கேன்னு மட்டும் சொல்லணும் மேடம். நான் விழுந்துட்டேன்னு நெனச்சு ஓடி வராங்க."

மேடம் என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து வயர்லெஸ் மேசைக்குப் போனார். படகின் எண்ணைச் சொல்லி அழைத்து, அறிவிப்பை எழுத்துக்கு எழுத்து வாசித்தார். கருவி அணைக்கப்பட்டது, துறைமுகத்தில் விசாரணை, ஆட்கள் யாரும் இறங்கக் கூடாது. வாசித்து முடித்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னொரு விஷயம். உங்க தம்பி நல்லா இருக்கார்."

வயர்லெஸ்ஸில் இரைச்சல். பிறகு அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"சாப்பிட்டானா?"

சாப்பிட்டுத் திரும்பியிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் என் பையைப் பார்த்தார். "இன்னும் இல்ல" என்று உண்மையைச் சொன்னார்.

சாயங்காலம் துறைமுகத்தில் ஆய்வாளர் காத்திருந்தார். நானும் மேடமும் தள்ளி நின்றோம். படகு கரையோடு சேர்ந்ததும், இறங்கக் கூடாது என்ற உத்தரவெல்லாம் காற்றோடு போயிற்று. அக்கா ஒரே தாவலில் கரைக்கு வந்து என் நெற்றியைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள், பிறகு காதைப் பிடித்துத் திருகினாள். பேசக் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள், அக்கா பேசவில்லை.

ஆய்வாளர் மீன் அறையைத் திறந்து பார்த்தார். மேல்தண்ணீரில் ஓடும் மீன் மட்டும்தான் இருந்தது. தீவைச் சுற்றிக் கிடக்கும் அடிமீன் ஒன்றுகூட இல்லை. படகில் வலையே கிடையாது, எல்லாம் நீளத் தூண்டில். பிறகு சுக்கான் அறைக்குள் போனார். நாங்கள் வாசலில் நின்றோம்.

"கருவிய எதுக்கு அணைச்சீங்க?"

"நான் எங்க அணைச்சேன்? புடுங்கினேன்" என்றாள் அக்கா.

அந்த அறையில் மின்சாரம் எடுக்க ஒரே ஒரு துளைதான் இருந்தது. கருவியை மாட்ட வந்தவர்கள் தனிக் கம்பி இழுக்கச் சோம்பல்பட்டு அதில் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்கா தன் போனை எடுத்துக் காட்டினாள். போன மாதம் நான் புதுப் போன் வாங்கியபோது அவளுக்குத் தள்ளிவிட்ட பழைய போன்.

"இது செருகி வெச்சாத்தான் உயிரோட இருக்கும் சார். எடுத்தா பொட்டுனு போயிடும். அதனால அத புடுங்கிட்டு இத செருகுவேன். பேசி முடிச்சதும் அத செருகிடுவேன். தெனமும் மறக்காம செருகியிருக்கேன், கேட்டுப் பாருங்க."

"அது எதுக்கு மாட்டியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? படகு முழுகினா தேடறதுக்கு. நான்தான் முழுகலயே."

ஆய்வாளர் குனிந்து குறிப்பேட்டில் எதையோ எழுதினார். எழுத அங்கே ஒன்றும் இல்லை, சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"சரி, அந்த எல்லைகிட்ட தான் ஏன் போய் நின்னீங்க?"

"தீவுக் குன்று மேல டவர் இருக்கே. அந்த எடத்துலதான் போன்ல ரெண்டு கோடு சிக்னல் வரும். அதுக்கு வெளிய வந்தா அவன் மெல்லற சத்தம் விட்டு விட்டுக் கேக்கும். எல்லையத் தாண்டி ஒரு நாளும் போனதில்ல சார், சத்தியமா."

"ஒருத்தர் சாப்பிட்டாரான்னு கேக்க இருபத்திரெண்டு நிமிஷமா?"

"அவன் பொய் சொல்லுவான் சார். முழுசா கேட்டாத்தான் நம்ப முடியும்."

ஆய்வாளர் வாக்குமூலம் வாங்கி விசாரணையை முடித்ததும், இனிப் பேசலாம் என்றார் மேடம். நானும் அக்காவும் வீட்டுக்கு நடந்தோம். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றாள்.

"நான் திருடினேன்னு நெனச்சியாடா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நெனச்சேன்க்கா. ரெண்டு நாள்."

அவள் முகம் வாடியது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்குப் பதில், பத்தொன்பது தடவை அடித்த அந்தப் போனாலேயே என் மண்டையில் போட்டிருக்கலாம். கதவைத் திறந்த மாமா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தட்டு எடுத்து வைக்க உள்ளே போய்விட்டார்.

"ரெண்டு நாளும் சாப்பிடல, இல்ல?" என்றாள் அக்கா.

"இல்ல."

"செவ்வாக்கிழமையே நெனச்சேன். மெல்லற சத்தம் வந்துச்சு, முழுங்கற சத்தம் வரல." என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். "வா, வந்து தின்னு. அப்புறம் ஒன்கூட சண்டை போடறேன்."

சண்டை போட்டாள், அதில் குறை வைக்கவில்லை. ஒரு வாரத்துக்குப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. மூடிய கடலில் தொழில் செய்ததாக எந்தச் சான்றும் இல்லை, அந்தக் குற்றச்சாட்டு நீக்கம். கருவியைப் பிடுங்கியதற்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. கருவிக்குத் தனிக் கம்பி இழுத்துத் தர வேண்டியது எங்கள் பொறுப்பு. மறைத்ததற்காக என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம், இனி அந்தப் படகின் கோப்பு என்னிடம் வராது. எல்லாம் நியாயம். கடைசி வரி மட்டும்தான் என்னைக் குத்தியது. எல்லையிலிருந்து இரண்டு மைலுக்குள் அந்தப் படகு இனி வரக் கூடாது. அக்காவுக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தேன். ஆனால் அந்த இரண்டு மைலுக்கு வெளியே எந்தப் போனுக்கும் ஒரு கோடுகூட வராது.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு மாடிப்படித் திருப்பத்தில் போய் உட்கார்ந்தேன். போனைப் பக்கத்தில் வைத்தேன். அடிக்காது என்று தெரியும், இருந்தாலும் வைத்தேன். டப்பாவைத் திறந்தேன், மூடி சத்தத்தைக் கேட்க யாரும் இல்லை. இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

அப்போது மேடம் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"கொஞ்சம் உள்ள வாங்க. டப்பாவோட."

"உள்ள சாப்பாடு கூடாதே மேடம்."

"வாங்கன்னு சொன்னேன்."

பெரிய திரையில் ஆரஞ்சு வட்டத்துக்கு மூன்று மைல் வெளியே ஒரு புள்ளி சுற்றிக்கொண்டிருந்தது. வேகம் குறையவில்லை, கருவி அணையவில்லை. நல்ல பிள்ளையாக, வட்டமாக, ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. பக்கத்தில் கணினி மஞ்சள் எழுத்தில் எழுதியிருந்தது: காரணம் தெரியாத சுற்று. அபாயம்: மூன்று.

"ஒண்ணு மூணுக்கு ஆரம்பிச்சாங்க" என்றார் மேடம். "கோப்பு என்கிட்ட இருக்கு, நான் காரணம் எழுதணும். என்னன்னு எழுதட்டும்?"

"சாப்பிட்டியான்னு கேக்கறாங்க மேடம்."

"அப்ப நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?" என்றவர், தன் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மூடியைச் சத்தமாகத் திறந்தேன். ஒவ்வொரு வாயாக மென்று, விழுங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை, யார் பார்த்தால் என்ன. ஒன்று இருபத்தைந்துக்குப் புள்ளி சுற்றுவதை நிறுத்திவிட்டு நேராகத் தொழிலுக்குக் கிளம்பியது. டப்பாவில் ஒரு பருக்கை இல்லை.